முதல் டன்ஜனுக்கு யாரோடு போவது? ஃபைனல் ஃபேண்டஸி 14, வார்கிராஃப்ட்: ஓர் ஒப்பீடு

இந்த இரண்டு ஆன்லைன் கேம்களிலும் கதையைத் தனியாகவே ஜாலியாக ஓட்டிக்கொண்டு வந்தவர்கள்கூட முதல் டன்ஜன் (சிலர் குழுவாகச் சேர்ந்து போய் எதிரிகளை முடிக்க வேண்டிய இடம்) வாசலில் நின்றுவிடுவது உண்டு. பயம் அங்கே இருக்கும் பெரிய எதிரியான பாஸைப் பார்த்து இல்லை, முன்பின் தெரியாதவர்கள் நடுவே சொதப்பிவிடுவோமோ என்றுதான். டேங்க் (எதிரியின் அடியைத் தாங்குகிறவர்), ஹீலர் (மற்றவர்களின் உயிரை ஏற்றுகிறவர்) வேலையை எடுத்தவர்களுக்கு அது இரண்டு மடங்கு. அவர்கள் சொதப்பினால் மொத்தப் பார்ட்டியும், அதாவது குழுவும், காலி.

இதற்கு இரண்டு கேம்களும் ஒரே மருந்தைத்தான் கொடுத்திருக்கின்றன: கேமே இயக்கும் துணைகள். ஃபைனல் ஃபேண்டஸி 14-இல் அதன் பெயர் டியூட்டி சப்போர்ட், 2022 ஏப்ரலில் 6.1 பேட்ச்சோடு வந்தது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஃபாலோயர் டன்ஜன், 2024 ஜனவரியில் வந்தது.

இடத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் ஃபைனல் ஃபேண்டஸிதான். 15-ஆம் லெவலில் வரும் சஸ்தாஷா குகையையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ரத்தக்கறை படிந்த ஒரு துண்டுக் குறிப்பு கிடக்கும். அதில் சொல்லியிருக்கும் நிறத்துப் பவளத்தைத் தொட்டால்தான் மேலே போக வழி. பழைய ஆட்களோடு போனால் அந்தக் குறிப்பு கண்ணிலேயே படாது. நீங்கள் குனிந்து படிப்பதற்குள் யாரோ பவளத்தைத் தட்டிவிட்டு ஓடியிருப்பார்கள். கடைசி பாஸிடமும் இதே கதை. தண்ணீர்க் கம்பிவலையில் குமிழி வரும்போது போய் அதைத் தட்டினால் புது எதிரிகள் வராமல் தடுக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளாமலே அதைத் தாண்டியவர்கள் ஏராளம். டியூட்டி சப்போர்ட்டில் துணைகளுக்கு அவசரமே இல்லை. அடி கொஞ்சம் குறைவுதான், சண்டை இழுக்கும். கற்றுக்கொள்கிறவருக்கு அது நல்லதுதானே.

ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை: நண்பரைக் கூட்டிப்போக முடியாது. நீங்கள் ஒருவர், துணை மூவர், அவ்வளவுதான். வார்கிராஃப்ட் இங்கே தெளிவாக முந்துகிறது. ஐந்து பேர் பார்ட்டியில் மனிதர்கள் நான்கு பேர் வரை இருக்கலாம், மிச்ச இடத்தைக் கேம் நிரப்பிக்கொள்ளும். ஆடத் தெரிந்த அக்கா, புதிதாக வந்த தம்பியைக் கூட்டிக்கொண்டு போய், "நீ ஹீல் மட்டும் பார்த்துக்கோடா, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிக்கொடுக்கலாம். எந்த டுடோரியலும் இதற்கு ஈடாகாது.

(ஃபைனல் ஃபேண்டஸியில் ஹால் ஆஃப் தி நாவிஸ் என்றொரு பயிற்சி இடம் உண்டு. பயிற்சியைவிட அங்கே கொடுக்கும் மோதிரத்துக்காகவே போகலாம், ஆரம்ப லெவல்களில் அனுபவப் புள்ளி கூடுதலாகக் கிடைக்கும்.)

துணைகளை விட்டு மனிதர்களிடம் போகும் நாளில்தான் உண்மையான வித்தியாசம் தெரியும். ஃபைனல் ஃபேண்டஸியில் ரூலெட் என்று ஒன்று உண்டு, கேமே ஏதோ ஒரு டன்ஜனைத் தேர்ந்து தெரியாதவர்களோடு அனுப்பும். அதில், அந்த டன்ஜனை முடிக்காத ஒருவர் பார்ட்டியில் இருந்தால் திரையிலேயே அறிவிப்பு வரும், முடித்ததும் மற்றவர்களுக்கு போனஸ். உங்களைப் பார்த்ததும் அவர்கள் சலித்துக்கொள்ளக் காரணமில்லை, நீங்கள் வந்ததில் அவர்களுக்கு லாபம். நீங்கள் புதியவர் என்று காட்ட, பெயருக்குப் பக்கத்தில் பச்சை முளைச் சின்னம் வேறு.

தெரியாதவர்களைச் சேர்த்துப் பார்ட்டி அமைத்துத் தரும் வார்கிராஃப்டின் டன்ஜன் ஃபைண்டர் 2009 முதல் இருக்கிறது. அதிலும் ஊக்கப் பரிசு உண்டு, ஆனால் ஆள் பற்றாக்குறையான வேலைக்கு வருகிறவருக்கு. பெரும்பாலும் டேங்க் அல்லது ஹீலர். கியூவில் காத்திருக்கும் நேரம் குறைய இது உதவும், புதியவருக்காக யாரும் காத்திருக்க உதவாது. எல்லோரும் ஓடிக்கொண்டே அடிப்பார்கள், பின்தங்கினால் நீங்களே வழி கண்டுபிடித்து வந்து சேர வேண்டியதுதான். துணைகளோடு பழகிய நிதானத்துக்கும் இந்த ஓட்டத்துக்கும் நடுவில் படிக்கட்டே இல்லை.

அதனால் தனி ஆளாகத் தொடங்குகிறவருக்கு என் ஓட்டு ஃபைனல் ஃபேண்டஸிக்கு. சஸ்தாஷாவைத் துணைகளோடு ஒரு தடவை முடித்துவிட்டு, தயங்காமல் ரூலெட்டில் இறங்குங்கள். எப்படியும் தப்பிக்க முடியாது, கதை நடுவில் 24 பேர் சேர்ந்து போகும் கிரிஸ்டல் டவர் கட்டாயம்.

ஆடத் தெரிந்த நண்பர் கூடவே இருந்தால் வார்கிராஃப்ட். ஃபாலோயர் டன்ஜனில் கை பழகியதும் ஃபைண்டருக்குத் தாவாமல் ஒரு கில்டில் (ஆட்டக்காரர்களின் நிரந்தரக் குழுவில்) சேர்ந்து அவர்களோடு போங்கள். ஃபைண்டரில்தான் போவேன் என்றால் டிபிஎஸ்ஸாக (எதிரியை அடிப்பது மட்டுமே வேலை) போங்கள். நீங்கள் புதுசு என்பதை அங்கே கேம் யாருக்கும் சொல்லாது, உள்ளே போனதும் சாட்டில் நீங்களே டைப் பண்ணிவிடுங்கள்.