பாப்பாவின் முதல் நீச்சல் வகுப்பு: ஒரு மாத அனுபவம்

இரண்டரை வயது மகளை எங்கள் ஏரியா நீச்சல் குளத்தில் சேர்த்தோம். சொல்லித்தருகிற அக்கா அருமை. முதல் வாரம் நீச்சலே கிடையாது, குவளையில் தண்ணீர் மொண்டு தலையில் ஊற்றி விளையாட்டு, அப்புறம் மல்லாந்து மிதப்பது, விழுந்தால் திரும்பிச் சுவரைப் பிடித்து நகர்ந்து நகர்ந்து படிக்கட்டுக்கு வருவது. இப்போது 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்றாலே வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள்!

தண்ணீர்தான் சில்லென்று இருக்கிறது, வாண்டுகளுக்கு 31, 32 டிகிரியாவது வேண்டாமா, இருபது நிமிடத்தில் உதடு நீலம். இன்னொன்று, காற்றடைத்த கைப்பட்டையை மாட்டிவிட்டுக் கரையில் போன் பார்க்கும் பெற்றோரை யாரும் கேட்பதில்லை. அது பொம்மைதான், பாதுகாப்புக் கருவி இல்லை. குழந்தை மூழ்கினால் பெரும்பாலும் சத்தமே வராது, கை எட்டும் தூரத்தில் நாம் இருந்தாக வேண்டும். தண்ணீரைச் சூடாக்க ஏற்பாடு செய்தால் அடுத்த மாதமும் சேர்ப்போம்.