போர்டு மாறினால் லைசென்ஸ் என்ன ஆகும்? புது லேப்டாப்புக்கு விண்டோஸ் வாங்கும் வழிகள்

விண்டோஸ் இல்லாமல், ஃப்ரீடாஸ் என்ற இலவச இயங்குதளம் மட்டும் போட்டு வரும் லேப்டாப்புகளை நம் ஊர்க் கடைகளில் 'டாஸ் மாடல்' என்பார்கள். விலை சில ஆயிரம் குறைவு. அக்கா மகனுக்குக் கல்லூரிக்காக வாங்கியது அப்படி ஒன்றுதான். விண்டோஸ், ஆபீஸ் எல்லாம் கடையிலேயே போட்டுக் கொடுத்தார்கள். சில மாதங்களில், லைசென்ஸ் விரைவில் காலாவதியாகிறது என்று திரையில் அறிவிப்பு வர ஆரம்பித்தது.

காரணம் எளிது. கடைகளில் இப்படிப் போடுவது பெரும்பாலும் நிறுவனங்களுக்கான வால்யூம் பதிப்பு. அது அலுவலகத்தில் லைசென்ஸைச் சரிபார்ப்பதற்கென இருக்கும் கேஎம்எஸ் சர்வரோடு பேசி ஆக்டிவேட் ஆகும், 180 நாள் செல்லும், அதற்குள் புதுப்பிக்க வேண்டும். வீட்டில் அந்த சர்வர் ஏது? அதன் இடத்தில் ஒரு ஆக்டிவேட்டர் புரோகிராமை ஓட்டிவிடுகிறார்கள். அதை மறுபடி ஓட்டுவது என் கணக்கில் ஒரு வழியே இல்லை. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு, அட்மின் உரிமை கொடுத்து, எங்கிருந்தோ வந்த புரோகிராமை ஓட்டச் சொல்கிறது அது. கேஎம்எஸ்பிகோ என்ற ஆக்டிவேட்டரின் பெயரில் சுற்றிய போலி இன்ஸ்டாலர்கள் வழியாக, பாஸ்வேர்டுகளைத் திருடும் கிரிப்ட்பாட் என்ற தீம்பொருள் பரவியதை 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் விளக்கமாக எழுதியது. யுபிஐ, நெட் பேங்கிங் எல்லாம் நடக்கும் கணினியில் இந்த விளையாட்டு வேண்டாம்.

பணம் செலவழிக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்புகளில் அதன் கீ, அதாவது 25 எழுத்து லைசென்ஸ் குறியீடு, மதர்போர்டின் (பாகங்களெல்லாம் பொருந்தும் முக்கியப் பலகை, சுருக்கமாக போர்டு) பயாஸ் சிப்பிலேயே பதிந்திருக்கும். நீங்கள் வாங்கியது டாஸ் மாடல் இல்லை, கடையில் அதிலிருந்த விண்டோஸ் ஹோம் பதிப்பை அழித்துவிட்டு, விலை கூடிய ப்ரோ பதிப்பைப் போட்டிருக்கிறார்கள் என்றால், உங்கள் லைசென்ஸ் இன்னும் உள்ளேயே இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலில் பென் டிரைவ் தயார் செய்து ஹோம் பதிப்பைப் புதிதாகப் போட்டு, இன்டர்நெட்டில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ஒரு ரூபாய் செலவில்லை. இப்போது என்ன ஓடுகிறது என்று தெரிய, ரன் பெட்டியில் எஸ்எல்எம்ஜிஆர் (slmgr) என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, ஸ்லாஷ் டிஎல்ஐ (/dli) சேர்த்து எண்டர் தட்டுங்கள். வால்யூம், ஓஇஎம் (கணினி தயாரிப்பவர்களுக்கானது), ரீடெயில் (பயனர் தனியாக வாங்குவது) எது என்று வரும்.

உண்மையிலேயே டாஸ் மாடல்தான் என்றால் நான்கு வழிகள்: இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் கீ, கடையில் கிடைக்கும் ஓஇஎம் பேக், முழு விலை ரீடெயில், அல்லது விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ். நாங்கள் எடுத்தது ரீடெயில் ஹோம்.

மலிவுக் கீ பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஏதோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த வால்யூம் கீயாக இருக்கலாம், கழித்துப்போட்ட பழைய கணினியின் ஸ்டிக்கரிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். இன்று ஆக்டிவேட் ஆகும், மைக்ரோசாஃப்ட் அந்தக் கீயை முடக்கும் வரை ஓடும். முடக்கினால் விற்றவரைத் தேடிப் பிடிக்க முடியாது. கையில் இருப்பது 25 எழுத்துகள்தானே தவிர, பயன்படுத்தும் உரிமை அல்ல.

உண்மையான போட்டி ஓஇஎம் பேக்குக்கும் ரீடெயிலுக்கும் நடுவில்தான். இரண்டும் அசல், இரண்டிலும் ஓடுவது அதே விண்டோஸ், அப்டேட்டிலும் வேறுபாடு கிடையாது. ஓஇஎம் பேக் விலை குறைவு. ரீடெயில் ஹோம் பத்தாயிரம் ரூபாய் வாக்கில் வரும். டாஸ் மாடல் வாங்கி மிச்சம் பிடித்ததற்கு மேலேயே போய்விடலாம். பிறகு ஏன் ரீடெயில் என்றால், மதர்போர்டுதான் காரணம்.

ஓஇஎம் லைசென்ஸ் முதன்முதலில் போட்ட கணினியோடு கட்டுண்டது. ரேம் கூட்டினாலும் எஸ்எஸ்டி மாற்றினாலும் பொதுவாக ஒன்றும் ஆகாது. போர்டு மாறினால் விண்டோஸுக்கு அது வேறு கணினி. இப்போதைய மெல்லிய லேப்டாப்புகளில் பிராசஸர், பல மாடல்களில் ரேமும்கூட, போர்டிலேயே சால்டர் செய்திருக்கிறார்கள். சார்ஜிங் பகுதியில் கோளாறு என்றாலும் சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் முழு போர்டைத்தான் மாற்றுகிறார்கள். விண்டோஸோடு வாங்கிய லேப்டாப்பாக இருந்து வாரண்டியும் இருந்தால், தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டர் புது போர்டில் விண்டோஸ் கீயைப் பதிந்து தரும். டாஸ் மாடலுக்கு வரும் போர்டில் எந்தக் கீயும் இருக்காது. தனியாக வாங்கிப் போட்ட ஓஇஎம் பேக்குக்கு அவர்கள் பொறுப்பும் இல்லை. வாரண்டி முடிந்தபின் வெளியில் பழைய போர்டு வாங்கிப் பொருத்தினால், அதில் வேறு யாருடைய லேப்டாப்பின் கீயோகூட இருக்கலாம்.

அக்கா மகனின் லேப்டாப்பில் போர்டு மாற்ற வேண்டியே வந்தது. எடுத்து வந்து ஆன் செய்ததும் ஆக்டிவேட் ஆகவில்லை என்றுதான் காட்டியது. ஆனால் ரீடெயில் லைசென்ஸை ஆரம்பத்திலேயே அவனுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தோம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன், அங்கே டிரபிள்ஷூட்டரை ஓட்டி, 'சமீபத்தில் வன்பொருளை மாற்றினேன்' என்ற தெரிவைத் தட்டி, கணக்கில் நுழைந்து பழைய பெயரில் இருந்த கணினியைத் தேர்ந்தெடுத்தான். சரியாகிவிட்டது. ஓஇஎம் பேக் போட்டவர்கள் சிலருக்கும் இப்படியே சரியாகிவிட்டதாகக் கேட்டிருக்கிறேன். நான் அதைச் செய்து பார்த்ததில்லை. ஆகாவிட்டால் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை என்பதுதான் வேறுபாடு.

இதே இடத்தில் இன்னொன்றும் உண்டு, லைசென்ஸைவிட முக்கியம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தும் விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகி, அதாவது பூட்டப்பட்டு, இருக்கலாம். போர்டு மாறினால் அதைத் திறக்க ரெகவரி கீ கேட்கும். அந்தக் கணக்கில் சேமித்திருப்பதை, லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்பே எடுத்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் போனால் பணம்தான் போகும், அந்தக் கீ இல்லாவிட்டால் ப்ராஜெக்ட் ஃபைல்கள் போய்விடும்.

விற்கும்போதும் இதே கணக்குதான். ஓஇஎம் உரிமை லேப்டாப்போடே வாங்குபவருக்குப் போய்விடும். ரீடெயில் என்றால் பழையதிலிருந்து நீக்கிவிட்டு அடுத்த கணினிக்கு எடுத்துச் செல்லலாம். ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டும் இருக்க வேண்டும், அவ்வளவே. அக்கா மகன் படிப்பு முடிந்து வேறு லேப்டாப் வாங்கினாலும் அதுவும் டாஸ் மாடலாக இருக்கலாம் என்பதை யோசித்தால், அந்தப் பத்தாயிரம் எனக்கு உறுத்தவில்லை. பில்லையும் கீயையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

ரீடெயில் போடும்போது ஒரு சிக்கல் வரும். ஓடிக்கொண்டிருப்பது கடைக்காரர் போட்ட ப்ரோ என்றால், ஹோம் கீயை அடித்தால் ஏற்காது. ஃபைல்களை வெளியே காப்பி எடுத்துவிட்டு ஹோமைச் சுத்தமாக நிறுவுங்கள். ஆக்டிவேட்டரின் மிச்சமும் அதோடு ஒழியும்.

லினக்ஸ் பிரியர்கள் கோபிக்க வேண்டாம், லைசென்ஸ் தொல்லையே இல்லாத ஒரே வழி அதுதான். கேரளப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கணினி சொல்லித்தருகின்றன, மத்திய அரசு நிறுவனமான சிடாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது. போர்டு மாறினாலும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் அக்கா மகன் படிப்பது மெக்கானிக்கல், அதற்கு வேண்டிய வடிவமைப்பு மென்பொருளான சாலிட்வொர்க்ஸ் லினக்ஸில் ஓடாது. காமர்ஸ் மாணவர் டேலிக்கு இதே பிரச்சினையைச் சந்திப்பார். கோடிங், எழுத்து, பிரவுசர் போதும் என்பவர்கள் மின்ட் என்ற லினக்ஸ் வகையைப் போட்டுப் பார்க்கலாம். நான் அதைத் தொடர்ந்து பயன்படுத்தியது ஒரு பழைய கணினியில் மட்டுமே. அதனால் புது லேப்டாப்பில் விரல்ரேகை, பேட்டரி எல்லாம் எப்படி என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

ஆபீஸுக்குப் பணம் கொடுக்கவில்லை, இலவசமான லிப்ரே ஆபீஸ் போட்டோம். கல்லூரி மின்னஞ்சல் வழியாக மைக்ரோசாஃப்ட் 365-ம் கிடைத்தது, அது படிப்பு முடியும் வரை. இங்கே ஒன்றில் கவனமாக இருந்தோம்: விண்டோஸ் லைசென்ஸை இணைத்தது கல்லூரிக் கணக்கில் அல்ல, அவனுடைய சொந்த மின்னஞ்சலில். கல்லூரிக் கணக்கு மூடப்பட்டாலும் அது அவனிடமே இருக்கும்.