பழைய ஜன்னல் சட்டமும் தீராத மக்குத் தூளும்

கூடத்துச் சுவரில் அலங்காரத்துக்காக மாட்டியிருக்கும் பழைய ஜன்னல் சட்டத்தைப் போன வாரம் இறக்கினேன். கண்ணாடிகளைச் சுற்றிப் பூசியிருந்த மக்கை, அதாவது புட்டியை, முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, அதற்குப் பதில் மெல்லிய மரப்பட்டையான பீடிங்கை அடித்து மறுபடி மாட்டியாயிற்று. இந்த வேலை நடக்கும்போதுதான் தோழி ஒருத்தி, இடிக்கிற வீட்டிலிருந்து தனக்கு இரண்டு சட்டம் கிடைத்திருக்கிறது, இதேபோல் செய்து மாட்டலாமா என்று கேட்டாள். ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்ல வரவில்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

சட்டத்தை எப்படித் தேய்ப்பது, எந்த வார்னிஷ் பூசுவது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லாதது மக்கைப் பற்றித்தான். கண்ணாடி சட்டத்தில் நிற்க ஓரத்தில் சாய்வாக இழுத்திருப்பார்களே, அந்தப் பட்டி. மாட்டிய சில மாதங்களில் கீழே இருந்த மேசைமேல் வெள்ளையாகத் தூள் விழ ஆரம்பித்தது. மாவுபோல மெல்லிய தூள், நடுநடுவே அரிசி நொய் அளவில் கட்டி. வாசல் கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினால் போதும், துடைத்த இடத்தில் மறுபடி விழுந்து கிடக்கும். இத்தனை வருடமும் அந்த மேசையைத் துடைக்காமல் ஒரு நாளைத் தொடங்கியதாக நினைவில்லை.

மக்கையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. அது சுண்ணாம்புக்கல் பொடியையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து செய்வது. அந்த எண்ணெய் தண்ணீர்போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. இறுகுவது நிற்காமல் நடந்துகொண்டே இருப்பதால், பல பத்தாண்டுகள் கழித்து வளையும் தன்மை போய் வெடிக்கத் தொடங்குகிறது. ஜன்னலாக இருந்தவரை அதன்மேல் பெயிண்ட் இருந்தது. அடிக்கிறவர்களும் கண்ணாடி விளிம்பில் ஒரு நூலளவு ஏறும்படி இழுத்திருப்பார்கள், ஈரம் உள்ளே போகாமல் இருக்க. நாம் செய்வது என்ன? மரத்தின் ரேகை தெரியவேண்டும் என்று அந்தப் பெயிண்டைத்தான் முதலில் உரிக்கிறோம். போதாததற்கு, மரம் காற்றின் ஈரத்துக்கு ஏற்பக் குறுக்குவாட்டில் உப்பும், சுருங்கும், கண்ணாடி அசையாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கிழட்டு மக்கு வேறு என்னதான் செய்யும்?

இதைவிட எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். உரிந்த பெயிண்டை அப்படியே விடுங்கள், அதுதான் பழமையின் அழகு என்று அலங்கார வீடியோக்களில் அடித்துச் சொல்கிறார்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குத் தடை வந்ததே 1978-இல்தான். இந்தியாவில் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்ற வரம்பு 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடிக்கிற வீட்டிலிருந்து வரும் சட்டம் பெரும்பாலும் அதற்கு முந்தையதாகத்தான் இருக்கும். ஈயம் இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. குழந்தைகளின் மூளையைத்தான் அது முதலில் பிடிக்கும். தவழ்கிற குழந்தை இருக்கிற வீட்டில் பெயிண்ட் பொரிந்து உதிரும் சட்டத்தைச் சுவரில் மாட்டச் சொல்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. உப்புத்தாள் போடுவதென்றாலும் நனைத்துத்தான் தேய்க்கவேண்டும், முகமூடி போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே. மிஷினை வைத்து உலரத் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் போய்ச் சேரும்.

இவ்வளவு சொன்னபிறகு அந்தக் கண்ணாடியைப் பற்றிச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. என் சட்டத்தில் எட்டுக் கட்டம். இரண்டு பிற்காலத்தில் மாற்றியவை, தட்டையாக, குறையில்லாமல் இருக்கின்றன. மற்ற ஆறும் பழசு. பக்கவாட்டில் நின்று பார்த்தால் மெல்லிய அலை ஓடுவது தெரியும். ஒன்றில் கடுகளவு காற்றுக் குமிழி, இழுபட்டு நீண்டு நிற்கிறது. உருகிய வெள்ளீயத்தின் (டின்) மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுச் சமதளமாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் அறிவித்தது. அது பரவியபின் இப்படிப்பட்ட கண்ணாடி வருவது பெரும்பாலும் நின்றுபோனது. (பழைய கண்ணாடி காலப்போக்கில் கீழ்நோக்கி வழியும் என்று இன்னமும் சொல்கிறார்கள். வழியாது. அலையும் தடிப்பும் செய்யும்போதே வந்தவை.) சாயங்கால வெயில் சாய்வாகப் பட்டால் அந்த ஆறு கட்டமும் எதிர்ச்சுவரில் நீர் ஓடுவதுபோல வெளிச்சத்தை விரிக்கும். புதுக் கட்டம் இரண்டும் வெறும் சதுர வெளிச்சம்தான் போடும். இந்த வித்தியாசத்தைக் காட்டினால் வீட்டுக்கு வருகிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

அதனால்தான், கண்ணாடியை எடுத்துவிட்டு முகம் பார்க்கும் கண்ணாடி பொருத்தலாம் என்று தச்சர் சொன்னபோது நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதில் எடைத் தொல்லையும் உண்டு. கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்குச் சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ. நான்கு மில்லிமீட்டர் என்றால் பத்துக் கிலோ, மரத்தின் எடை தனி. இதை ஆணியில் கம்பி கட்டித் தொங்கவிடக் கூடாது. 45 டிகிரியில் சாய்த்து அறுத்த இரண்டு ரீப்பரில் (குறுகலான மரச்சட்டத்தில்) ஒன்றைச் சுவரிலும் ஒன்றைச் சட்டத்தின் பின்னாலும் திருகி, ஒன்றின்மேல் ஒன்று உட்காரவைத்தால் அசையாது. என்னுடையது அப்படித்தான் நிற்கிறது.

அதே ஜன்னலின் மரப்பலகைக் கதவு ஒன்றைச் சாவி மாட்டும் பலகையாக்கினேன். அதில் கண்ணாடியும் இல்லை, மக்கும் இல்லை, ஒரு குறையும் இல்லை.

பீடிங் அடித்தபிறகு தூள் விழுவது நின்றுவிட்டது. நிம்மதிதான். ஆனால் இறுகிய மக்கைச் சுரண்டுவது லேசில்லை. உளியை ஒரு மயிரிழை சாய்த்தாலும் கண்ணாடி விரியும், அந்தக் கண்ணாடி திரும்பக் கிடைக்காது. ஆறும் உடையாமல் வந்தது தச்சரின் கைப்பக்குவம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஒவ்வொரு ஓரத்துக்கும் அரைநாள் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆகவே தோழிக்கு என் பதில்: செய்யாதே. உன் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. சட்டத்தைத் தச்சரிடம் கொடுத்து எங்காவது ஜன்னலாகவே திரும்பப் பொருத்தச் சொல், பெயிண்ட் அடித்து, புது மக்கு வைத்து. நானும் இன்னொன்று செய்யமாட்டேன். என் வீட்டில் மாட்டியிருப்பதைக் கழற்றச் சொன்னால் மட்டும் சம்மதிக்கமாட்டேன்.