வீட்டுக்குக் கலர் பார்த்துப் பூசித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் கவனம்: 186,500 ரூபா போய்விட்டது

எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனவர்களின் நம்பரும் இன்று காலையோடு வேலை செய்யவில்லை. அதனால்தான் ஆறப்போடாமல் இப்போதே எழுதுகிறேன். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் வீடு பூச இருக்கிறவர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். ஒரு ஹோல், இரண்டு அறை, நான்கு கதவு, மொத்தம் 186,500 ரூபா. எதை எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் முடிவில் விவரமாகச் சொல்கிறேன்.

ஆளைக் கண்டது ஒரு ஒன்லைன் விளம்பரத் தளத்தில். நிறத்தேர்வு முதல் கடைசிக் கோட் வரை தங்கள் பொறுப்பு என்று போட்டிருந்தார்கள். வீட்டைப் பார்க்க வந்த தம்பி நிற அட்டையை முதலில் சுவரில் வைக்கவில்லை. குனிந்து தரை டைல்ஸ் மேல் வைத்தார், பிறகு கதவுப் பலகையோடு சேர்த்துப் பிடித்தார். "அக்கா, டைல்ஸ்ல மஞ்சள் ஓடுது, கதவு செம்பழுப்பு. நீலம் ஓடுற சாம்பல் அடிச்சா ஊதாவாத் தெரியும். பழுப்பு ஓடுற சாம்பலே எடுப்போம்" என்றார்.

சொன்னது முழுக்கச் சரி. மாற்ற முடியாத தரையையும் மரத்தையும் வைத்துத்தான் சுவர் நிறத்தைப் பிடிக்க வேண்டும். மஞ்சளுக்குப் பக்கத்தில் நிற்கும் நீலச் சாம்பல் கண்ணுக்கு ஊதா காட்டும். அதோடு நம்மூரில் பாதி நாள் மேகமும் மூடுபனியுமாக இருக்கிறது. அந்த வெளிச்சமே நீலம் கலந்தது, குளிர் நிறத்தை இன்னும் குளிராக்கிவிடும். இதெல்லாம் தெரிந்து பேசுகிறவர் ஏமாற்றமாட்டார் என்று நினைத்தோம். ஹோல் சுவர் கையால் தேய்த்த சாந்துப் பூச்சு, மேடும் பள்ளமுமாக இருக்கும், அதனால் பளபளப்பில்லாத மெட் ஃபினிஷ்தான் அடிக்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். அந்த இடத்திலேயே 120,000 ரூபா அனுப்பினோம். கடைசிக் கோட்டுக்கு முன்னால் சாமான் வாங்க வேண்டும் என்று கேட்டு மிச்சம் 66,500 ரூபாவையும் வாங்கிக்கொண்டார்கள்.

வந்து இறங்கிய டின்களில் எதன் மூடியிலும் கலவை ஸ்டிக்கர் இல்லை. மெஷினில் நிறம் கலந்து தரும் கடை, நிறக் குறியீடு, எந்த பேஸ் (சாயம் சேர்க்காத அடிப்படைப் பெயின்ட்), எந்தச் சாயம் எவ்வளவு, திகதி எல்லாவற்றையும் அச்சடித்து மூடியில் ஒட்டித்தான் கொடுக்கும். இவர்கள் கொண்டுவந்தது வெறும் வெள்ளை பேஸ். அதில் சின்னப் போத்தலில் வரும் சாயமான ஸ்டெய்னரை ஊற்றிக் குச்சியால் கலக்கியிருக்கிறார்கள். அப்படிக் கலக்கிய நிறத்தைத் திரும்ப யாராலும் எடுக்க முடியாது. நாளை ஒரு கீறலை மறைக்கக்கூட அந்த நிறம் கிடைக்காது.

ஹோலுக்கு இரண்டு 4 லீட்டர் டின். கணக்கு சரிதான். சுவர் ஏறத்தாழ 400 சதுர அடி, இரண்டு கோட், லீட்டருக்கு நூறு சதுர அடி. ஆனால் இரண்டு டின்னையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டு அல்லவா தூரிகையை வைக்க வேண்டும்? ஒரு டின்னை முடித்துவிட்டு அடுத்ததைத் திறந்தார்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒரு சாம்பல், அந்தப் பக்கம் ஒரு சாம்பல். அதுவும் எந்த நீலச் சாம்பல் வேண்டாம் என்றாரோ அதேதான்.

ஃபினிஷும் மெட் இல்லை, பளபளக்கும் சில்க். பளபளப்புக் கூடக்கூட வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பும். ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது கரணை ஓடிய ஒவ்வொரு அலையும் எழும்பித் தெரிகிறது.

புதிதாகக் கட்டிய பின்னறையில் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. சாந்துப் பூச்சு முடிந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. அது காய நான்கு கிழமை என்பதே வெயில் ஊருக்கான கணக்கு, தென்மேற்குப் பருவ மழையில் அதுவும் போதாது. அடியில் பூசும், காரம் தாங்கும் சீலர் ஒரு கோட்கூட இல்லாமல் நேரே எமல்ஷன் பெயின்ட் அடித்துவிட்டார்கள். இப்போது உப்புப் பூத்து, நிறம் திட்டுத்திட்டாக வெளுத்து, மூலையில் கொப்புளம் கட்டியிருக்கிறது. ஈரச் சுண்ணாம்பின் காரம் சில சாயங்களைத் தின்றுவிடும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரியும்.

கேட்டதற்குக் கிடைத்த பதில்கள்: முதல் நாள், "காஞ்சா ஒரே கலராயிரும் அக்கா." நான்காம் நாள், "உங்க வீட்டு பல்ப் வெள்ளை, அதான்." பிறகு மூடுபனிதான் காரணமாம். வெளிச்சம் காரணமென்றால் சுவர் முழுவதும் ஒன்றாக மாற வேண்டும். ஒரே சுவரில், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு நிறம் எப்படி வரும்? அதற்குப் பதில் இல்லை. சில்க் விலை கூடியது, உங்களுக்கு லாபம்தானே என்றார்கள். அதற்குப் பிறகு பாஸ் லீவில் போயிருக்கிறார், முதலாளி கொழும்பில் இருக்கிறார். விளம்பரத் தளத்துக்கு எழுதினால், கொடுக்கல் வாங்கலுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று ஒரே வரி வந்தது. 186,500 ரூபாவுக்கு ஒரே வரி.

நிறைய எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. இவற்றையாவது பாருங்கள். மூடியில் ஸ்டிக்கர் இல்லாத டின்னைத் திறக்க விடாதீர்கள், ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வையுங்கள். இரண்டடிக்கு இரண்டடி மாதிரி பூசி, காலையிலும் மாலையிலும் இரவு உங்கள் பல்பிலும் பார்த்த பிறகே மிச்ச டின் வாங்குங்கள். புதுச் சுவரில் பொலித்தீன் துண்டு ஒன்றை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே வியர்த்திருந்தால் பூசவே வேண்டாம். நிறக் குறியீடு, ஃபினிஷ், எத்தனை கோட் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பெயின்டை நீங்களே கடையில் வாங்குங்கள், கூலியை மட்டும் அவர்களுக்குக் கொடுங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எங்களிடம் பில் இல்லை. வட்ஸ்அப் குரல் பதிவும் வங்கிக்குப் பணம் போட்ட இரண்டு சீட்டும் இருக்கின்றன. திங்கட்கிழமை அவற்றோடு போகிறோம். இதே ஆட்களிடம் பணம் கொடுத்தவர்கள் இருந்தால் அதற்கு முன் சொல்லுங்கள், சேர்த்தே கொடுப்போம்.