சகோபனே பக்கம் குளிர்கால அறை: வீடு அருமை, காற்று மோசம்

போலந்தின் கிராகூ நகரத்தில் வேலை பார்க்கும் நம்ம ஆட்கள் பனி பார்க்கக் கிளம்பினால் நேராக சகோபனே என்ற மலையூர் பக்கம்தான் போவார்கள், அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் ஜனவரியில் தங்கியது அதற்கு வடக்கே ஒரு கிராமத்து விருந்தினர் இல்லம். பெயரைப் போடவில்லை, பக்கத்து வீடுகளிலும் இதே நிலைமைதான்.

மர வீடு, சுத்தமான அறை, வீட்டுக்கார அம்மா காலையில் கொடுத்த ஷுரெக் என்ற புளிப்புச் சூப், சுட்ட ஓஸ்சிபெக் என்ற ஆட்டுப்பால் சீஸ் எல்லாமே பிரமாதம். ரேடியேட்டரில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்பதுதான் பிரச்சினை. கீழ்த்தளத்தில் கையால் நிலக்கரி அள்ளிப் போடும் பாய்லர். படுக்கப் போகும்முன் வீட்டுக்காரர் தணல் மேல் புதுக் கரியைக் கொட்டி, விடியும் வரை தாங்கட்டும் என்று காற்று வரும் வழியைக் குறுக்கிவிடுகிறார். கரி சூடாகும்போது கிளம்பும் வாயுவும் தாரும் எரியக் காற்று போதாமல் அப்படியே வெளியே போகிறது, கூடவே புற்றுநோய் வரவழைக்கும் பென்சோபைரீனும். கரியை அடுக்கி மேலிருந்து பற்றவைத்தால் அந்த வாயு நெருப்பைத் தாண்டிப் போக வேண்டியிருப்பதால் புகை நன்றாகக் குறையும், ஆனால் ராத்திரி எழுந்து யார் அதைச் செய்வார்கள்? மஞ்சளும் சாம்பலும் கலந்த புகை மேலே போகாமல் கூரையிலிருந்து வழிந்து முற்றத்தில் இறங்கியது. பள்ளத்தாக்கு அல்லவா, குளிர்ந்த காற்று அடியில் தேங்கி நிற்க, மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டுவிடுகிறது. காலையில் ஜன்னல் விளிம்புப் பனி முழுக்கக் கரும்புள்ளி. ராத்திரியெல்லாம் மகளுக்கு இருமல், எனக்கு வயிறு எரிந்தது.

கிராகூவில் 2019 செப்டம்பர் 1 முதல் வீடுகளில் கரியும் விறகும் எரிக்கவே கூடாது. அது இருக்கும் மாவொபோல்ஸ்கா மாகாணத்தின் மற்ற ஊர்களில், புகை அளவை வைத்துப் பிரிக்கும் எந்த வகுப்பிலும் சேராத பழைய பாய்லர்களுக்கு 2024 ஏப்ரலோடு கெடு முடிந்தது. இந்த வீட்டுப் பாய்லரின் தகட்டில் 3ஆம் வகுப்பு என்று இருந்தது, அதனால் விதிப்படி 2026 இறுதி வரை ஓடலாம். சட்டத்துக்குச் சரி, நுரையீரலுக்கு? உலக சுகாதார நிறுவனம் பிஎம் 2.5 என்ற மிக நுண்ணிய காற்றுத் துகளுக்கு ஒரு நாள் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராம்தான் அனுமதிக்கிறது. அன்று காற்றுத் தரம் காட்டும் செயலியில் பார்த்தால் அந்தப் பகுதி சிவப்பையும் தாண்டியிருந்தது.

வீட்டுக்காரர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை, நல்ல மனிதர்கள். அறைக்கும் சாப்பாட்டுக்கும் 5க்கு 5, காற்றுக்கு 1. குழந்தைகளோ ஆஸ்துமாக்காரர்களோ இருந்தால் குளிர்காலத்தில் இங்கே வேண்டாம்.

அப்புறம், எங்கே புக் செய்தாலும் முதலில் வீட்டுச் சூடு எதிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். பக்கத்திலுள்ள பான்ஸ்கா நிஷ்னா கிராமத்தில் பூமிக்கடியிலிருந்து 80 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் எடுத்து, அந்தச் சூட்டைக் குழாய் வழியே சகோபனே வரை கொண்டுபோகிறார்கள். அந்த இணைப்புள்ள விடுதிகள் ஊருக்குள் கிடைக்கும். வாடகை கொஞ்சம் கூடினாலும் அடுத்த தடவை எங்களுக்கு அதுதான்.