ஜூனோ-106ஆ, ஜேயு-06ஏயா: பினாங்கு வீட்டுக்கு எது?

இரண்டும் ரோலண்ட் நிறுவனத்தின் சிந்தசைசர்கள், அதாவது மின்னணுவில் ஒலியை உருவாக்கும் கருவிகள். இரண்டும் என் வீட்டில் இரண்டு ஆண்டுகள் அருகருகே இருந்தன. சென்ற மாதம் ஒன்றை விற்றேன், விற்றது புதியதை. 2019இல் வந்த ஜேயு-06ஏயைக் கொடுத்துவிட்டு, 1984இல் வந்த ரோலண்ட் ஜூனோ-106ஐ வைத்துக்கொண்டேன் என்றதும் எங்கள் பஜனைக் குழுவில் ஒருவர் விடாமல் காரணம் கேட்டார்கள். பழையது பத்துக் கிலோ, அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி இறங்குபவன் நான். கேள்வி நியாயமானது.

ஒலியை முதலில் முடித்துவிடலாம். புதியது, பழைய ஜூனோவின் மின்சுற்றைக் கணக்காக மாற்றி ஒலிக்கும் டிஜிட்டல் பெட்டி. கோரஸ் பொத்தானை அழுத்தி ஒரு சுரத்தை நீளமாகப் பிடித்தால் பரவும் அந்த அகலம் இரண்டிலும் உண்டு. மண்டபத்து ஒலிபெருக்கியில் கேட்டால் எது எதுவென்று என்னால் சொல்ல முடியாது. ஹெட்ஃபோனில் பழையதன் அடிநாதம் சற்றுக் கனமாகத் தெரிகிறது. அது என் பிரியம் செய்யும் வேலையாகவும் இருக்கலாம்.

எண்ணிக்கையில் மட்டும் வேறுபாடு தெளிவாக உறைக்கும். ஜூனோவில் ஒரே நேரத்தில் ஆறு சுரம், ஜேயு-06ஏயில் நான்கு. இடது கையில் சட்ஜமும் பஞ்சமமும் நிற்க, வலது கையில் மூன்று சுரம் சேர்த்தால் ஐந்தாகிவிடுகிறது. புதியதில் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருப்பது ஒன்று அறுந்துபோகும். சுருதி அறுந்தால் பாடுபவர் திரும்பிப் பார்ப்பார்.

வசதியில் புதியது எங்கோ முன்னால் நிற்கிறது. ஒரு கிலோவுக்கும் குறைவு. நான்கு சிறிய பாட்டரியிலோ யுஎஸ்பி கம்பியிலோ ஓடும். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் ஒரு பந்தலில் உட்கார்ந்து வாசிக்க அதைவிட நல்ல துணை இல்லை. என் ஜூனோவோ ஜப்பானிலிருந்து வந்த 100 வோல்ட் கருவி. நம் வீட்டு 240 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றோடு முடிந்தது. தனி டிரான்ஸ்ஃபார்மர் எப்போதும் கூடவே வர வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஏன் பழையது? பராமரிப்புதான் காரணம். கேட்பவர்கள் அதையே பழையதற்கு எதிரான வாதமாக நினைக்கிறார்கள்.

ஜூனோ-106க்கு ஊரறிந்த ஒரு நோய் உண்டு. சேர்ந்து ஒலிக்கும் ஆறு சுரங்களில் ஒவ்வொன்றையும் தரும் பகுதிக்குக் குரல் என்று பெயர். ஒவ்வொரு குரலுக்கும் 80017ஏ என்ற ஐசி (சில்லு) ஒன்று, மொத்தம் ஆறு. அவற்றின்மேல் பூசிய பிசின் பல ஆண்டுகள் கழித்து மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்குகிறது. குரல் கரகரக்கும், அல்லது ஊமையாகும். நான் வாங்கும்போதே ஆறு முறை விசையை அழுத்தினால் ஒருமுறை மௌனம். நாற்பது வயதுக் கருவியில் இது எதிர்பார்க்க வேண்டியதே; விலையும் அதற்கேற்பக் குறைந்தது.

நோயைக் கண்டுபிடிக்கும் வழியைச் செய்தவர்களே உள்ளே வைத்திருக்கிறார்கள். சுருதியை ஏற்றி இறக்கும் கீ டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தியபடியே கருவியைப் போட்டால் சோதனை நிலைக்குப் போகும். ஒவ்வொரு விசைக்கும் எந்தக் குரல் ஒலிக்கிறது என்று திரையில் எண் வரும். எனக்கு நான்கு என்று வந்தபோதெல்லாம் மௌனம்.

வைத்தியம் செய்தவர் என் அத்தை. சில்லு செய்யும் இன்டெல் நிறுவனம் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972இல் திறந்த ஊர் இது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் நுண்ணோக்கியில் கண் வைத்து வேலை செய்து ஓய்வுபெற்ற பெண்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! அத்தை அங்கே இருபத்திரண்டு ஆண்டுகள், கடைசிப் பத்தும் பழுதான பலகைகளைச் சரிசெய்யும் பிரிவில். சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்து, ஈயம் உறிஞ்சும் பம்பால் கால் காலாகச் சுத்தம் செய்து, பலகையில் ஒரு கீறல் இல்லாமல் ஐசியை வெளியே எடுத்தார். ஊறுகாய் பாட்டிலில் அசிட்டோன் ஊற்றி அதை இரண்டு நாள் ஊறவைத்தோம். மூன்றாம் நாள் கறுப்புப் பிசின் வெந்த பயற்றந்தோல்போல உரிந்து வந்தது. உள்ளே நகத்தளவில் பளிச்சென்று ஒரு சுற்று.

“ஐசிக்கு ஒன்றுமில்லை தம்பி, சட்டைதான் அழுக்கு” என்றார். திரும்பப் பொருத்தியதும் நான்காம் குரல் பேசியது. பேசாமல் இருந்தாலும் கவலை இல்லை. அதே அளவில் புதிதாகச் செய்த மாற்று ஐசிகள் இப்போது கிடைக்கின்றன.

புதிய தலைமுறைக் கருவி ஒன்றும் என்னிடம் கெட்டது. அது ஜேயு-06ஏ அல்ல, வேறொரு விசைப்பலகை, பெயர் வேண்டாம். பந்தலில் மழைச்சாரல் பட்டுப் படுத்துவிட்டது. பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் முழுப் பலகையையே மாற்ற வேண்டும், அந்தப் பலகை இனி வராது என்று திருப்பித் தந்தார்கள். அத்தையும் மூடியைத் திறந்து பார்த்தார். அரிசி நொய்போல உறுப்புகள், ஒரே பெரிய சில்லு, அதற்குள் மென்பொருள். “இதில் என் கைக்கு வேலை இல்லை” என்று மூடிவிட்டார். கடற்காற்றும் ஈரமும் ஆண்டு முழுதும் அடிக்கும் ஊரில் எந்தக் கருவியும் என்றாவது கெடத்தான் போகிறது. கெட்ட அன்று திறந்து வைத்தியம் பார்க்க முடிவதையே நான் வைத்துக்கொள்வேன்.

பழையது எல்லாம் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7, ஜூனோபோல மின்சுற்றிலேயே ஒலியை வடிக்கும் அனலாக் கருவி அல்ல, அதற்கு இந்தப் பாடெல்லாம் குறைவு. மாறாக 1981இன் கோர்க் பாலிசிக்ஸ் வாங்குபவர்கள் மூடியைத் திறந்து பாட்டரியைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது; அது ஒழுகினால் பலகையின் செம்புத் தடங்களையே தின்றுவிடும்.

கமகத்துக்கு இரண்டுமே பற்றாது. ஜூனோவில் சுரத்தை வளைக்கும் நெம்புகோலைத் தள்ளினால் பிடித்திருக்கும் சுருதியும் சேர்ந்தே வழுக்குகிறது. ஒவ்வொரு விரலையும் தனியே வளைக்கவிடும் சீபோர்டு, கன்டினியூம் போன்றவைதான் அதற்கு வழி. சீபோர்டில் நான் வாசித்தது இரண்டே மாலைகள். அந்த ரப்பர் பரப்பு நம் வெயிலில் எத்தனை ஆண்டு தாங்கும் என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

வீட்டில் ஈயம் பிடிக்கத் தெரிந்தவர் இல்லை, வாரம் இருமுறை வெளியே வாசிக்க வேண்டும் என்பவர் ஜேயு-06ஏயை வாங்குங்கள், தயங்க வேண்டாம். என்னுடையதை வாங்கிப்போன பட்டர்வொர்த் இளைஞருக்கு அது சரியான பெட்டி.

ஜூனோவில் இப்போது முகப்பில் உள்ள இரண்டு ஸ்லைடர் பிடிகள் நகர்த்தும்போது கரகரக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவா என்று அத்தை சொல்லியிருக்கிறார்.