சிஎஸ்50: தயங்கி நிற்பவருக்கு ஏற்ற பாடமா?

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் அறிமுகப் பாடமான சிஎஸ்50, எவரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய வடிவில் பல ஆண்டுகளாக இணையத்தில் கிடைத்து வருகிறது. பேராசிரியர் டேவிட் மேலன் நடத்தும் இந்தப் பாடத்துக்கு மதிப்புரைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பல, எந்த வாரத்தில் என்ன கற்பிக்கப்படுகிறது, சான்றிதழுக்கு மதிப்புண்டா என்ற இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகின்றன. பகலில் வேலை, மாலையில் குடும்பம், அவற்றுக்கு இடையே கிடைக்கும் நேரத்தில் ஆசிரியர் எவரும் இல்லாமல் நிரல் எழுதக் கற்க நினைக்கும் ஒருவருக்குப் பாடத்தைவிடப் பெரிய இடைஞ்சல், ‘நமக்கு இதெல்லாம் வருமா?’ என்ற சந்தேகம்தான். அந்தச் சந்தேகத்தை இந்தப் பாடம் எப்படிக் கையாளுகிறது என்பதையே நான் அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

சிங்கப்பூரில் இந்தச் சந்தேகத்துக்கு ஓர் உள்ளூர் வரலாறும் உண்டு. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் மதிப்பெண்களைக் கொண்டு, பன்னிரண்டு வயதில் விரைவுநிலை என்றும் அதற்குக் குறைந்த வழக்கநிலை என்றும் பிரிக்கப்பட்ட தலைமுறை என்னுடையது. அந்தப் பிரிவுகளை நீக்கும் முடிவு 2019இல் அறிவிக்கப்பட்டு, 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த மாணவர்களிலிருந்து நடைமுறைக்கு வந்துவிட்டது. இன்றைய பிள்ளைகள் ஒரு பாடத்தை உயர்ந்த நிலையிலும் இன்னொன்றை அதற்குக் குறைந்த நிலையிலும் படிக்க முடிகிறது. ஆனால் வழக்கநிலையில் படித்து, தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்குச் சென்று, பிறகு ஒரு கிடங்கு அலுவலகத்தில் வேலையில் அமர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு, ‘கணக்கும் கணினியும் கெட்டிக்காரர்களுக்கு உரியவை’ என்ற எண்ணம் கல்வி அமைச்சின் சுற்றறிக்கையால் கலைந்துவிடுவதில்லை. இதை ‘இம்போஸ்டர் சிண்ட்ரோம்’ என்று அழைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. 1978இல் உளவியலாளர்கள் போலின் கிளான்ஸும் சுசான் ஐம்ஸும் இதைப் பற்றி எழுதியதோ சாதித்த பிறகும் தம்மைப் போலி என்று எண்ணிக்கொண்ட பெண்களைப் பற்றி. இன்னும் ஒரு வரிகூட எழுதாதவரின் தயக்கம் வேறு வகையானது. அதற்கு மருந்தும் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

இந்தப் பின்னணியோடு பார்க்கும்போது, சிஎஸ்50இல் என்னை முதலில் கவர்ந்தது மேலனின் புகழ்பெற்ற விரிவுரைகள் அல்ல, வீட்டுப்பாடங்கள் அமைக்கப்பட்டிருக்கும் விதம். முதல் சில வாரங்களில் பல வீட்டுப்பாடங்கள் இரண்டு வடிவங்களில் தரப்படுகின்றன. ஒன்று, இந்தத் துறையில் இன்னும் அவ்வளவு பழக்கம் ஏற்படாதவர்களுக்கு. மற்றொன்று, ஓரளவு பழகிவிட்டவர்களுக்கு. எதை எடுப்பது என்பதைக் கற்பவரே ஒவ்வொரு வாரமும் முடிவு செய்கிறார். இரண்டையும் செய்து அனுப்பினால் கூடுதலான மதிப்பெண்ணே கணக்கில் கொள்ளப்படும். எளிய வடிவத்தை எடுத்தவருக்குச் சான்றிதழில் எந்தக் குறியும் விழுவதில்லை. இந்த வாரம் எளியதை எடுத்தவர் அடுத்த வாரம் கடினமானதை முயன்று பார்க்கலாம், முடியாவிட்டால் சத்தமில்லாமல் திரும்பி வரலாம். ஒரு முறை பிரித்துவிட்டால் மாறுவது அரிது என்றிருந்த முறையில் வளர்ந்தவருக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். மூன்றாம் வாரத்தில் தேர்தல் முடிவைக் கணக்கிடும் ஒரு பாடம் வருகிறது. அதன் கடின வடிவமான ‘டைட்மன்’ மிகவும் பெயர் பெற்றது. முதல் சுற்றில் அதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

தொடக்கம் மென்மையாகவே இருக்கிறது. முதல் விரிவுரையில் மேலன் ஒரு பழைய தொலைபேசிப் புத்தகத்தை எடுத்து, நடுவில் திறந்து, தேடும் பெயர் இல்லாத பாதியைக் கிழித்து வீசுகிறார். ஆயிரம் பக்கப் புத்தகத்தில் பத்தே முறை கிழித்தால் தேடிய பக்கம் கைக்கு வந்துவிடும் என்பதை எந்தக் கணிதக் குறியீடும் இல்லாமல் கண்ணால் பார்க்கிறோம். அதே வாரத்தில் ஸ்க்ராட்ச் மூலம் நமக்குப் பிடித்த ஒன்றை, ஒரு சிறு விளையாட்டையோ கதையையோ, உருவாக்க வேண்டும். இங்கே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் வண்ணக் கட்டங்களை இழுத்துப் பொருத்தி விளையாடும் அதே ஸ்க்ராட்ச்தான். வளர்ந்தவர்கள் இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று தாண்டிச் செல்ல ஆசைப்படுவார்கள். தாண்டக் கூடாது. நிபந்தனை, சுழற்சி, மாறி ஆகிய மூன்றையும் சி போன்ற மொழிகளில் வரும் அரைப்புள்ளிகளின் தொல்லை இல்லாமல் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

அடுத்த வாரமே சி மொழி வந்துவிடுகிறது, அதோடு ஒரு வெற்றுக் கோப்பும். இது முக்கியமான இடம். கற்றுத்தரும் தளங்கள் பலவற்றில் திரையின் ஒரு பக்கத்தில் சொல்வதை மறுபக்கத்தில் தட்டினால் பச்சை விளக்கு எரியும். பாடம் பாடமாக நகர்ந்துகொண்டே போகலாம். பிறகு ஒரு நாள் சொந்தமாக எதையாவது எழுத உட்காரும்போது கை ஓடாது. அந்த நொடியில்தான் ‘இத்தனை நாள் படித்தும் எனக்கு ஒன்றும் வரவில்லை’ என்ற முடிவுக்கு மனம் தாவுகிறது. உண்மையில் அவர் இதுவரை பழகியது சொன்னதைப் பார்த்து எழுதுவதை மட்டும்தான். தானே தொடங்கப் பழகவில்லை. சிஎஸ்50 அந்த அச்சத்தைத் தள்ளிப்போடாமல், பணி மிகச் சிறியதாக இருக்கும்போதே எதிர்கொள்ள வைக்கிறது.

அந்தச் சிறிய பணிக்குப் பெயர் ‘மாரியோ’. உயரம் எவ்வளவு என்று கேட்டு, ஹேஷ் குறிகளால் வலப்பக்கம் ஒட்டிய அரைப் பிரமிடு ஒன்றை அச்சிட வேண்டும். இடப்பக்கம் ஒட்டியிருந்தால் எளிது. வலப்பக்கம் என்றால் ஒவ்வொரு வரியிலும் முதலில் இடைவெளிகளை அச்சிட வேண்டும். உயரம் நான்கு என்றால் முதல் வரியில் மூன்று இடைவெளி, ஒரு குறி. இரண்டாவதில் இரண்டு இடைவெளி, இரண்டு குறி. இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் நான்கு என்பதைக் காகிதத்தில் எழுதிப் பார்க்கும்போது சட்டென்று பிடிபடுகிறது. கணக்கு வராது என்று நம்பிக்கொண்டிருந்தவர் அங்கே செய்ததும் கணக்குதான்.

எழுதிய நிரலைச் சரிபார்க்க ‘செக்50’ என்ற கருவி இருக்கிறது. ஒரே மதிப்பெண்ணாகச் சொல்லாமல், அது தேர்வுகளை வரி வரியாகப் பட்டியலிடுகிறது. கோப்பு இருக்கிறதா, பச்சையில் சிரித்த முகம். கணினி இயக்கும் வடிவத்துக்குத் தொகுக்க முடிகிறதா, இன்னொரு சிரித்த முகம். எதிர்ம எண்ணை மறுக்கிறதா, சிவப்பில் சுளித்த முகம். முந்தைய படி தவறியதால் சோதிக்கவே முடியாதவற்றுக்கு உணர்ச்சியற்ற ஒரு மஞ்சள் முகமும், சுளித்த முகம் மலர்ந்தால்தான் மேலே சோதிக்க முடியும் என்ற பொருளில் ஒரு வரியும் வரும். தவறிய இடத்தில் எதிர்பார்த்த விடையும் நாம் தந்த விடையும் அடுத்தடுத்து நிற்கும். ‘உனக்குத் தெரியவில்லை’ என்ற தீர்ப்பு அங்கே எங்குமே கிடையாது. ஐந்தாவது தேர்வில் ஓர் இடைவெளி கூடிவிட்டது என்ற செய்தி மட்டும்தான் இருக்கிறது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகள், ஜூரோங் வட்டார நூலகத்தில் என் பக்கத்தில் அமர்ந்து என் திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “மாமா, சிவப்பப் பாத்ததும் மூடாதீங்க, மெசேஜ முழுசா படிங்க” என்றாள். சிஎஸ்50இன் விரிவுரைகள் எவற்றிலும் இதைவிடச் சுருக்கமான அறிவுரை இல்லை.

பிழை என்பது கற்றுக்குட்டிக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு நம் ஊரிலேயே நல்ல சான்று இருக்கிறது. கேம்பிரிட்ஜில் கணிதமும் கணினி அறிவியலும் படித்தவரான லீ சியன் லூங், பிரதமராக இருந்த காலத்தில், 2015 மே மாதம், சுடோகுப் புதிரை விடுவிக்கத் தாம் சி++ மொழியில் எழுதிய நிரலை ஃபேஸ்புக்கில் பொதுவில் வெளியிட்டார். அதில் பிழை ஏதும் கண்டால் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொண்டார். நாட்டின் பிரதமரே பிழை இருக்கலாம் என்ற எண்ணத்தோடு தம் நிரலை ஊர் முன்னால் வைக்கும்போது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து மாரியோ எழுதுகிறவர் ஒரு சுளித்த முகத்துக்காக மடிக்கணினியை மூட வேண்டியதில்லை.

அடுத்தது வாத்து. சிக்கிக்கொண்டால் மேசை மேல் ஒரு ரப்பர் வாத்தை வைத்து, நிரலை வரி வரியாக அதற்கு விளக்குவது நிரலாளர்களிடையே பழைய வழக்கம். சிஎஸ்50இன் இணைய எழுதுதளத்திலும் ஒரு வாத்து உண்டு. முன்பெல்லாம் என்ன கேட்டாலும் ‘குவாக்’ என்று மட்டுமே பதில் சொல்லும். 2023 முதல் அதற்குச் செயற்கை நுண்ணறிவு தரப்பட்டு, விடையைச் சொல்லாமல் வழியைக் காட்டும் துணையாகிவிட்டது. சாட்ஜிபிடி, கோபைலட் போன்ற வேறு செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்த விதிகள் இடம் தருவதில்லை. இந்த வாத்துக்கு மட்டும் அனுமதி. தானே படிப்பவரை யாரும் கண்காணிக்கப் போவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் இந்த விதியை மதிப்பது தன்னம்பிக்கைக்கே நல்லது, ஏனென்றால் வேறொரு கருவி எழுதித் தந்த நிரலுக்குக் கிடைக்கும் சிரித்த முகம் சந்தேகத்தைக் கரைப்பதற்குப் பதிலாக வளர்க்கவே செய்யும். என் அனுபவத்தில், வாத்துக்குத் தட்டச்சு செய்வதைவிட வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பார்ப்பது கூடுதல் பலன் தருகிறது. ‘இந்தச் சுழற்சி எத்தனை முறை சுற்றும்? முதல் சுற்றில் இதன் மதிப்பு என்ன?’ என்று கேட்டுக்கொண்டே போனால், எந்த வரியில் நாக்குத் தடுமாறுகிறதோ பெரும்பாலும் அந்த வரியில்தான் பிழை இருக்கும். நூலகத்தில் இதைச் செய்ய முடியாது.

இனிக் குறைகள். விரிவுரைகள் நீளமானவை, இரண்டு மணி நேரத்தையும் தாண்டுகின்றன. வேலை முடிந்து வந்து ஒரே அமர்வில் பார்க்க இயலாது. நான்காம் வாரத்தில் நினைவகமும், அதன் முகவரிகளைச் சுட்டும் பாயின்டரும் வரும்போது ஏற்றம் திடீரென்று செங்குத்தாகிறது. ஐந்தாம் வாரத்தில் அகராதியை நினைவகத்தில் அடுக்கி எழுத்துப்பிழை தேடும் ‘ஸ்பெல்லர்’ வருகிறது. நினைவகத்தைத் தவறாகத் தொட்டதைக் குறிக்கும் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்ற இரண்டு சொற்களோடு நிரல் நின்றுவிடும்போது, எந்த வரியில், ஏன் என்று அது சொல்வதில்லை. அதுவரை வரி வரியாகத் தாங்கிவந்த பாடம் இங்கே கையை விட்டுவிடுவதுபோல் தோன்றும். பழைய சந்தேகம் முழு பலத்தோடு திரும்புவதும் இங்கேதான். நினைவகப் பிழைகளைக் கண்டறியும் வால்கிரைண்ட் என்ற கருவி கற்றுத்தரப்படுகிறது என்றாலும், அதன் அறிக்கையைப் படிக்கவே தனிப் பழக்கம் வேண்டும். நினைவக வாரத்தை இரண்டாகப் பிரித்திருக்கலாம் என்றே நினைக்கிறேன். தனியே படிப்பவர் அந்தப் பிரிப்பைத் தாமே செய்துகொள்ள எந்தத் தடையும் இல்லை. ‘வாரம்’ என்பது ஹார்வர்ட் மாணவர்களின் நாட்காட்டி, நம்முடையதன்று.

அந்த ஏற்றத்தைக் கடந்தவருக்கு ஆறாம் வாரம் காத்திருக்கிறது. பைத்தான் மொழி அறிமுகமாகும் அந்த வாரத்தில், வேறு பாடங்களோடு அதே மாரியோவையும் மீண்டும் எழுதச் சொல்கிறார்கள். சி மொழியில் ஒரு மாலையை விழுங்கிய அரைப் பிரமிடு, பைத்தானில் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. அதில் பாதி பைத்தானின் எளிமை, மீதி நம் பழக்கம். எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதைச் சொற்களால் பாராட்டாமல் கற்பவரே தம் கையால் அளந்து பார்க்கும்படி வைத்திருப்பது, இந்தப் பாடத்தை வடிவமைத்தவர்களின் கெட்டிக்காரத்தனம். தரவுத்தளங்களுக்கான எஸ்கியூஎல், வலைப்பக்கம், வலைச் செயலிகளுக்கான ஃபிளாஸ்க் என்று எஞ்சிய வாரங்கள் இதன் பிறகு விரைவாகவே நகர்கின்றன. கடைசியில் சொந்தமாக ஒரு செயல்திட்டம் செய்து, அதைப் பற்றி ஒரு சிறு காணொளியும் அனுப்ப வேண்டும்.

செலவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பாடமும், எழுதுதளமும், சிஎஸ்50 வழங்கும் சான்றிதழும் இலவசம். ஒவ்வொரு வீட்டுப்பாடத்திலும் இறுதிச் செயல்திட்டத்திலும் குறைந்தது 70 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இணையப் பாடங்களை வழங்கும் எட்எக்ஸ் தளத்தின் சரிபார்க்கப்பட்ட சான்றிதழுக்குத்தான் கட்டணம். நாற்பதும் அதற்கு மேலும் வயதுடைய சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் வழங்கப்பட்ட 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் நிதியைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த நிரலாக்கப் பயிற்சியில் சேரலாம் என்று விளம்பரங்களைப் புரட்டிக்கொண்டிருப்பவர்கள் என் நட்பு வட்டத்திலேயே இருக்கிறார்கள். அந்த நிதியைத் தொடும் முன்பு, குறைந்தது மாரியோவையும் அதற்கு அடுத்த வாரத்தையுமாவது முடித்துப் பார்க்கும்படி அவர்களுக்குச் சொல்லி வருகிறேன். கட்டணம் கட்டிவிட்டோமே என்ற பதற்றம் சந்தேகத்தோடு சேர்ந்துகொண்டால் இரட்டைச் சுமை. தவிர, நிரல் எழுதுவது தமக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பதையே பலர் இன்னும் கண்டறியவில்லை.

ஒரு மாதத்தில் இணையத்தளம் கட்டி வேலை தேட வேண்டியவருக்கு இது ஏற்றதன்று. அவர் நேரடியாக ஜாவாஸ்கிரிப்ட் கற்றுத்தரும் இடத்துக்குப் போவதே நல்லது. ஆங்கில விரிவுரையைப் பின்தொடரச் சிரமப்படுபவர், வேகத்தைக் குறைத்து, எழுத்துவரிகளோடு பார்க்கலாம். மற்றவர்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப்பில் ஒரு கணக்கைத் திறந்துகொண்டு, ‘பூஜ்யம்’ என்று எண்ணப்படும் முதல் வாரத்திலிருந்து தொடங்கலாம்; டிசம்பர் இறுதிக்குள் முடிக்காவிட்டாலும், செய்தவை அடுத்த ஆண்டின் பதிப்புக்கு எடுத்துச் செல்லப்படும்.